கேம்பர் வேனில் நள்ளிரவில் பிரிட்ஜ் நின்றுவிடுகிறது: அம்மாவோடு கோபி, ராமேஸ்வரம் கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஜாலஹள்ளி வாசி:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு டெம்போ டிராவலர் கேம்பர் வேனை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2019 மாடல், கேம்பராக மாற்றியது முன்பு வைத்திருந்தவர். நான்கு பேர் படுக்கலாம். சின்ன சமையல் மேடை, 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட் பிரிட்ஜ், இரண்டு விசிறி இருக்கின்றன. இதற்கெல்லாம் சேர்த்து, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற 150 ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஒன்றைப் படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். வண்டி ஓடும்போது இன்ஜின் பக்கமிருந்து ஒரு ரிலே (தானாக இணைக்கிற சுவிட்ச்) வழியாக அது சார்ஜ் ஆகிறது. சோலார் இல்லை.

டிசம்பர் கடைசியில் மகளுக்கு லீவு. அம்மா, மனைவி, மகள், நான் என்று நான்கு பேரும் திம்பம் மலைப்பாதை வழியாக எங்கள் ஊரான கோபிசெட்டிபாளையத்துக்கு (கோபி) போய் இரண்டு நாள் இருந்துவிட்டு, அப்புறம் ராமேஸ்வரம் போகலாம் என்று திட்டம். அம்மாவுக்கு 72 வயது. ராமேஸ்வரம் போக வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பஸ்ஸோ ரயிலோ இனிமேல் அவர்களுக்கு ஒத்துவராது என்பதால்தான் இந்த வண்டியையே வாங்கினேன்.

போன மாதம் ஒத்திகை போல சாவனதுர்கா அடிவாரத்தில் ஓர் இரவு தங்கிப் பார்த்தோம். இங்கே பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டுதான் போனேன். ராத்திரி இரண்டு மணிக்கு பிரிட்ஜ் கத்த ஆரம்பித்துவிட்டது, விசிறியும் மெதுவாகிவிட்டது. பிரிட்ஜில் அம்மாவின் இன்சுலின் இருக்கிறது என்பதால் நான் அதற்கப்புறம் தூங்கவில்லை. ஒரு கடையில் காட்டியதற்கு, பேட்டரி போய்விட்டது, லித்தியம் போடுங்கள் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டுமா? இது தவிர இவ்வளவு தூரம் போகும் முன் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சர்ஜாபூர் ஒயரிங்:

சார், பேட்டரிக்கு இப்போது பணம் போடாதீர்கள். முதலில் கணக்குப் பார்ப்போம். உங்கள் பிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும், இரவில் பாதி நேரம்தான் ஓடும், ஆகப் பத்து மணி நேரத்துக்கு 20 அல்லது 25 ஆம்பியர்-அவர். விசிறி இரண்டும் ஆளுக்கு ஒன்றரை ஆம்பியர் என்று வைத்தால் இன்னொரு 30. மொத்தம் 55-க்குள். 150 பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் 75 இருக்கிறது. அது நிறைந்திருந்தால் விடியும் வரை சத்தமே வராமல் ஓடியிருக்க வேண்டும். இரண்டு மணிக்கே நின்றது என்றால் பேட்டரி கெட்டிருக்கலாம், ஆனால் அதைவிட அதிகம் நான் பார்த்திருப்பது அது ஒருநாளும் நிறைவதே இல்லை என்பதைத்தான். டியூபுலர் பேட்டரி மெதுவாகக் குடிக்கிற சாதி, பாதியிலிருந்து முழுதாக ஏற எட்டு, பத்து மணி நேரம் கேட்கும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் அதற்குத் தொண்டை நனைந்திருக்கும், அவ்வளவுதான்.

எஸ்.பி. ரோட்டில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் இன்ஜின் போடுவதற்கு முன், எல்லாவற்றையும் அணைத்து ஒரு மணி நேரம் விட்டு, உள் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6-க்கு மேல் என்றால் நிறைவு, 12.2 பக்கம் என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் அதை வதைக்கிறோம் என்று அர்த்தம். அப்புறம் பிரிட்ஜும் விசிறியும் ஓட, இன்ஜினையும் போட்டு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி வைத்திருக்கச் சொல்லி, இன்ஜின் பேட்டரியில் ஒரு தடவை, உள் பேட்டரியில் ஒரு தடவை பாருங்கள். இரண்டுக்கும் கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வழியில் எங்கோ திருட்டு நடக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு கம்பியை இன்ஜின் பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றை உள் பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள், அதேபோல மைனஸுக்கு மைனஸ். எந்தப் பக்கம் எவ்வளவு தொலைகிறது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். எண்களை இங்கே போடுங்கள்.

ஒன்று மட்டும் இன்றைக்கே பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்தச் சார்ஜிங் ஒயரில் ஃப்யூஸ் இருக்கிறதா? இரண்டு பக்கமும் பேட்டரி என்பதால் இரண்டு முனையிலும் வேண்டும், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். என்னுடைய முதல் வண்டியைக் கட்டிக் கொடுத்தவர்கள் அதை வைக்கவில்லை, நானும் கேட்கத் தெரியாமல் விட்டுவிட்டேன். தும்கூர் ரோட்டில் போகும்போது சேஸிஸ் விளிம்பில் உரசி உரசித் தோல் போன ஒயர் இரும்பைத் தொட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. பின்னால் என் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

இன்னொன்று, டியூபுலர் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். படுக்கைக்கு அடியில் மூடிய பெட்டியில் வைத்தால் அந்த வாயு வெளியே போக ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். பேட்டரியைப் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கிற சாமான் அது, சடன் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டிஸ்டில்ட் வாட்டர் மட்டமும் பாருங்கள், பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும்.

ஹலசூர் அக்கா:

தம்பி, ஒயர் விஷயம் மேலே இருக்கிறவர் சொல்லிவிட்டார். நான் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், என் மாமியாரை நான்கு வருடம் இப்படித்தான் அழைத்துக்கொண்டு சுற்றினேன்.

இன்சுலினுக்காக ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டியதில்லை. இப்போது போட்டுக்கொண்டிருக்கிற பேனாவோ குப்பியோ பிரிட்ஜில் இல்லாமலும் சில வாரம் தாங்கும், வெயில் படாமல், வண்டிக்குள் கொதிக்காமல் வைத்தால் போதும். எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கிற தாளில் போட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். திறக்காத குப்பிகள்தான் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்ச்சி போவதைவிட உறைந்து போவதுதான் இந்தச் சின்ன பிரிட்ஜ்களில் பெரிய ஆபத்து. சுவர் ஓரமாக, ஐஸ் கட்டும் பக்கமாக வைத்துவிடாதீர்கள், ஒரு தடவை உறைந்த இன்சுலினை மறுபடி உருக்கிப் போடக் கூடாது. நான் ஒரு டப்பாவில் துண்டைச் சுற்றி நடுத்தட்டில் வைப்பேன், பக்கத்தில் ஒரு சின்ன தெர்மாமீட்டர். கூடவே வாயகன்ற பிளாஸ்க் ஒன்றும் காலியாக இருக்கும், பிரிட்ஜ் நின்றால் டீக்கடையில் ஐஸ் வாங்கி, இன்சுலின் ஐஸைத் தொடாதபடி துணி சுற்றி வைத்துவிடலாம்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. முன்பு வைத்திருந்தவர் கடைசியாக எப்போது கழுவினார் என்று யாருக்குத் தெரியும்? மணமில்லாத சாதாரண பிளீச்சிங் திரவம், பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், லிட்டருக்கு ஒரு மில்லி. உங்களுக்கு 120 மில்லி. தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து பிளீச்சிங் வாசனை வரும் வரை விட்டு மூடி, நான்கு மணி நேரம் அப்படியே வைத்து, அப்புறம் வாசனை போகும் வரை நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள். கிளம்பும்போது காவேரித் தண்ணீர் பிடியுங்கள். டேங்கர் லாரியில் வருகிற போர் தண்ணீர் வேண்டாம். எங்கள் பம்ப் இரண்டு தடவை நின்றதற்குக் காரணம் அந்த உப்புதான். பம்புக்கு முன்னால் உள்ளங்கையளவு கண்ணாடி மூடி போட்ட ஒரு வலை இருக்கும், அதைக் கழற்றினால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் பிடித்திருக்கும். எலுமிச்சை உப்புக் கரைசலில் அரை மணி ஊறவைத்தால் விட்டுவிடும்.

கேஸ் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கும், மேலே ஜன்னல் திறந்திருப்பதால் பயனில்லை. சிலிண்டர் வைக்கிற பெட்டிக்குத் தரையில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், டியூபின் மேல் இருக்கிற தேதியையும் பாருங்கள், சோப்பு நுரை தடவிப் பாருங்கள். வண்டி நகரும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். குளிர்கிறது என்று அடுப்பை எரியவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கைப் பக்கம் மாட்டுங்கள்.

அப்புறம் அம்மா ஏறி இறங்க, டிராவலர் படி உயரம். ஒரு கெட்டியான முக்காலியும், கதவு ஓரம் பிடித்துக்கொள்ள எஃகுக் கைப்பிடியும் போட்டுவிடுங்கள். டாய்லெட் கேசட் (கழற்றி எடுக்கிற கழிவுப் பெட்டி) இருந்தால் அதை ஏரிக்கரையிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள், பெரிய பெட்ரோல் பங்குகளில் கழிவறை இருக்கும், கேட்டுவிட்டு அதில் ஊற்றி, கழுவிவிட்டு வாருங்கள். நாம் சுத்தமாக வைத்துவிட்டு வந்தால் அடுத்த வண்டிக்காரரையும் விடுவார்கள்.

கலாசிபாளையம் பழைய டிரைவர்:

இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டியவன். பேட்டரி நின்றால் தூக்கம் கெடும், பிரேக் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் நான் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறேன்.

முதலில் எடைமேடைக்குப் போங்கள். தண்ணீர், டீசல், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றிய நிலையில், ஊருக்குக் கிளம்புகிற மாதிரியே. முழு வண்டியை ஒரு தடவை, பின்சக்கரத்தை மட்டும் மேடையில் வைத்து ஒரு தடவை. ஆர்சியில் மொத்த எடை என்று ஓர் எண் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது, பின் அச்சின் அளவு வண்டியில் ஒட்டிய தகட்டில் இருக்கும். மாற்றிக் கட்டும்போது பிளைவுட், அலமாரி, பேட்டரி, தொட்டி என்று எல்லாவற்றையும் பின்னாலேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். 120 லிட்டர் தண்ணீர் என்றால் 120 கிலோ. கோபி வரைக்கும் அரைத் தொட்டி போதும், ஊரில் நிரப்பிக்கொள்ளலாம்.

டயர். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 1419 என்றால் 2019-ஆம் வருடத்தின் 14-ஆவது வாரம் செய்தது. கேம்பர் வண்டி நின்றது அதிகம், ஓடியது குறைவு என்பதால் பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர் வரிகள்) புதிதாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள். ரப்பருக்கு வயதாகிவிடும். பக்கச் சுவரில் மெல்லிய கீறல் ஓடுகிறதா என்று வெயிலில் குனிந்து பாருங்கள். வண்டியோடு வந்த டயர் என்றால் மாற்றிவிடுங்கள், லித்தியத்துக்கு வைத்திருந்த பணத்தை இதில் போடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காற்று காலையில் ஓட்டும் முன் பிடிக்க வேண்டும்.

பிரேக் ஆயில் எப்போது மாற்றினது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருடம் போனால் மலை இறக்கத்தில் சூடாகி உள்ளே கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போய்விடும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, நீங்கள் பெங்களூரிலிருந்து போவதால் உங்களுக்கு முழுக்க இறக்கம். ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், வளைவுக்கு வந்த பிறகு கியர் மாற்றக் கூடாது, முன்னாலேயே இரண்டாவதில் விழுந்திருக்க வேண்டும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். கருகின வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி உட்காருங்கள், சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறிவருகிற லாரிக்கு வழி விடுங்கள், அவன் நின்றால் மறுபடி எடுக்க முடியாது. இரவு 9 முதல் காலை 6 வரை அந்த மலைப்பாதை மூடியிருக்கும், புலிகள் காப்பகம். காட்டுக்குள் எங்கும் நிறுத்தி இறங்காதீர்கள், யானை வருகிற பாதை. ஆசனூரை மதியம் தாண்டுகிற மாதிரி கிளம்பினால் பண்ணாரி அம்மன் கோவிலில் நின்று கும்பிட்டுவிட்டு வெளிச்சத்திலேயே கோபி போய்விடலாம்.

மலை பயமாக இருந்தால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், பவானி வழி இருக்கிறது, சுற்றுதான். ஆனால் அதிலும் தொப்பூர் இறக்கம் வரும். நல்ல அகலமான ரோடு என்பதால்தான் அங்கே ஏமாறுகிறார்கள். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வரக் கூடாது.

வண்டியின் உயரத்தை டேப் வைத்து அளந்து ஸ்டியரிங்குக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். ரயில்வே தரைப்பாலத்தில் கூகுள் மேப் உங்கள் உயரத்தைக் கேட்காது.

மடிவாளா கேரவன்:

சின்னதாக இரண்டு விஷயம். ஆர்சியை எடுத்துப் பாருங்கள், அதில் மோட்டார் கேரவன் என்று இருக்கிறதா, இல்லை பழைய சீட் கணக்கோடு பயணிகள் வண்டியாகவே இருக்கிறதா? ஆர்டிஓ அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி தவறு. அபராதம்கூடப் பெரிதில்லை, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அதைத்தான். பாலிசியிலும் மாற்றம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, டிசம்பர் என்றால் தமிழ்நாட்டுப் பக்கம் மழை இன்னும் மிச்சம் இருக்கும். கூரையில் வென்ட், ஏரியல், கேரியர் என்று எங்கெல்லாம் துளை போட்டிருக்கிறார்களோ அங்கெல்லாம் ஏறி விரலால் அழுத்திப் பாருங்கள். சீலன்ட் வெடித்திருந்தால் மேலேயே சிலிக்கான் பூசாதீர்கள், பிறகு அதன் மேல் எதுவும் ஒட்டாது. பழையதைச் சுரண்டிவிட்டு பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். உள்ளே கூரை ஓரப் பிளைவுட் எங்காவது மெத்தென்று இருந்தால் ஏற்கெனவே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

ஜாலஹள்ளி வாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாளாக இதே வேலைதான். ஆர்சியில் மோட்டார் கேரவன் என்றுதான் இருக்கிறது, பாலிசியில் அது இல்லை, மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டேன். டயர் ஐந்தும் 2019, ஸ்டெப்னி உட்பட. மாற்றச் சொல்லிவிட்டேன்.

மீட்டர் கணக்கு: காலையில் உள் பேட்டரி 12.0. இன்ஜின் போட்டதும் இன்ஜின் பேட்டரியில் 14.2, உள் பேட்டரியில் 13.1. பிளஸ்ஸுக்குப் பிளஸ் அரை வோல்ட், மைனஸுக்கு மைனஸ் 0.6. நண்பரின் கிளாம்ப் மீட்டரில் ஆரம்பத்தில் 28 ஆம்பியர் காட்டியது. சிவப்பு ஒயர் 6 சதுர மில்லிமீட்டர், நீளம் ஆறு மீட்டர் இருக்கும். ஃப்யூஸ் பேட்டரிப் பக்கம் ஒன்றுதான் இருக்கிறது, இன்ஜின் பக்கம் இல்லை.

சர்ஜாபூர் ஒயரிங்:

நல்லவேளை அளந்தீர்கள். சிவப்பு ஒயர் அதன் கணக்கைத்தான் தின்கிறது. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஆறு மீட்டருக்கு, 28 ஆம்பியரில் அரை வோல்ட் போகத்தான் செய்யும். அதை 25 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் 0.12 ஆகிவிடும், இரண்டு முனையிலும் 80 ஆம்பியர் ஃப்யூஸ், சேஸிஸ் தாண்டுகிற இடங்களில் ரப்பர் வளையம், வழி நெடுக நெளிகுழாய். ஆனால் மைனஸில் 0.6 போவதற்கு நியாயமே இல்லை. உள் பேட்டரியின் கறுப்பு ஒயர் பாடியில் எங்கே போல்ட் போட்டிருக்கிறது என்று தேடிப்பிடித்துக் கழற்றுங்கள். பெயின்ட் மேலேயே முறுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் துரு. எமெரித் தாளில் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ராமேஸ்வரம் உப்புக் காற்றுக்கு அந்த கிரீஸ் ரொம்ப முக்கியம். தனுஷ்கோடி போய்விட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பாகத்தையும் அடித்துக் கழுவிவிடுங்கள், தார் ரோட்டை விட்டு மணலில் இறக்கவே வேண்டாம்.

கிளம்புகிற முந்தைய நாள் சாயங்காலமே வீட்டு பிளக்கில் சார்ஜர் போட்டு விடிய விடிய ஏற்றுங்கள். கோபியிலும் அதேபோல வீட்டிலிருந்து ஒயர் இழுத்துப் போடுங்கள். அதற்குப் பிறகும் ஓர் இரவு தாங்கவில்லை என்றால் பேட்டரி நிஜமாகவே போய்விட்டது என்று சொல்லலாம். அப்போது லித்தியம் போட்டாலும் இந்த ரிலே வழியாக நேராகக் கொடுக்காதீர்கள். அது கிடைத்ததையெல்லாம் இழுத்து, இன்ஜினில் கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும், சில்க் போர்டு டிராஃபிக்கில் நிற்கும்போதுதான் முதலில் கருகும். நடுவில், இழுக்கிற கரண்ட்டை அளவோடு நிறுத்துகிற ஒரு டிசி டிசி சார்ஜர் வேண்டும்.

ஜாலஹள்ளி வாசி:

போல்ட் கிடைத்துவிட்டது சார். பின்சக்கர வளைவுக்கு மேலே, பெயின்ட் மேலேயேதான் போட்டிருந்தார்கள், சுற்றிலும் செம்மண் நிறத்தில் துரு. தேய்த்து மாட்டிய பிறகு மைனஸ் பக்கம் 0.05 காட்டுகிறது. நேற்று ராத்திரி முழுக்க பிளக்கில் ஏற்றிவிட்டு, இன்று ராத்திரி அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே பிரிட்ஜும் இரண்டு விசிறியும் ஓடவிட்டு நானும் மகளும் வண்டியில்தான் படுக்கப் போகிறோம். சிவப்பு ஒயர் வெள்ளிக்கிழமை மாற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவையும் உட்காரவைத்துக்கொண்டு எடைமேடை.

ஹலசூர் அக்கா:

முக்காலியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போ தம்பி. எடைமேடையிலேயே அம்மா ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்க்கட்டும், கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்று அவர்களே கையை வைத்துக் காட்டுவார்கள்.